நெடுந்தூர விமானப் பயணமும் ஜெட் லேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கென்று சேர்த்துவைத்த நாட்களில் முதல் மூன்று நான்கு நாட்கள் அரைத்தூக்கத்திலேயே கரைந்துபோவது நெடுந்தூரப் பயணிகள் பலருக்கும் பழகிப்போன ஒன்று. இதற்கென்று சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை நிறையத் தண்ணீர் குடியுங்கள், நன்றாக ஓய்வெடுங்கள் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அவற்றில் தவறு ஏதும் இல்லை. ஆனால் உடலின் கடிகாரத்தை நகர்த்தும் வலிமை ஓய்வைவிட வெளிச்சத்துக்குத்தான் அதிகம். அதுவும் எவ்வளவு வெளிச்சம் என்பதோடு, அது எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதையும் பொறுத்தது. கீழே உள்ள பதில்கள் இதை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளன.

ஜெட் லேக்கும் பயணக் களைப்பும் ஒன்றுதானா?

இல்லை. பல மணி நேரம் ஒரே இருக்கையில் முடங்கிக் கிடப்பது, வறண்ட காற்று, ஓயாத இரைச்சல், வேளை தவறிய உணவு ஆகியவற்றால் வருவது பயணக் களைப்பு; ஓர் இரவு அயர்ந்து தூங்கி எழுந்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். உடலுக்குள் ஓடும் நேரமும் சென்று இறங்கிய ஊரின் நேரமும் ஒத்துப்போகாததால் வருவது ஜெட் லேக். எவ்வளவு தூங்கினாலும் உள்நேரம் நகரும்வரை அது போகாது. இரவில் தூக்கம் வராமை, பகலில் கண் சொருகுதல், கவனம் சிதறுதல், எரிச்சல், பசி மந்தம், வயிற்றுக் கோளாறு ஆகியவை இதன் வழக்கமான அறிகுறிகள்.

பயணத்தின் நீளத்துக்கும் ஜெட் லேக்குக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்ல ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும் என்றாலும் இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர வித்தியாசம் பருவத்தைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ மணி நேரம்தான். அதைவிடக் குறைந்த நேரத்தில் சென்று சேரும் நியூயார்க்குக்கோ 5 மணி நேர வித்தியாசம் உண்டு. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2 அன்று இந்த லண்டன்–ஜோகன்னஸ்பர்க் தடத்தில்தான் தொடங்கியது. அந்த விமானத்தில் சென்றவர்கள் களைத்திருக்கலாம், ஆனால் ஜெட் லேக்கை அறிந்திருக்க வாய்ப்பு குறைவு.

உடல் கடிகாரம் என்பது உண்மையில் எங்கே இருக்கிறது?

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களைக் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடல் வெப்பம் எப்போது ஏறி இறங்க வேண்டும், இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்தும் தலைமைக் கடிகாரம் அதுவே. கல்லீரல், குடல், தசை என்று மற்ற உறுப்புகளிலும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அணுக்களுக்குள் அவை இயங்கும் முறையை மரபணு அளவில் விளக்கியதற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கடிகாரம் வெளியுலகக் குறிப்பு எதுவும் இல்லாவிட்டாலும் தானாகவே ஓடும். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரமோ சூரிய ஒளியோ இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் நிலத்தடிக் குகை ஒன்றில் இரண்டு மாதங்கள் தங்கினார். செப்டம்பர் 14 அன்று அவர் வெளியே வந்தபோது அவருடைய கணக்கில் அது ஆகஸ்ட் 20தான். நாட்களை எண்ணியதில் அவருடைய மனம் இவ்வளவு பின்தங்கியிருந்தபோதிலும், அவருடைய உடல் 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய சுழற்சியில்தான் தூங்கியும் விழித்தும் வந்திருந்தது. ஒழுங்காகத் தானே ஓடும் இந்தப் பிடிவாதம்தான் ஊரில் நமக்கு நன்மையாகவும், ஊர்விட்டு ஊர் சென்றால் தொல்லையாகவும் இருக்கிறது.

எத்தனை மணி நேர வித்தியாசத்திலிருந்து பாதிப்பு தெரியும்? எத்தனை நாட்கள் நீடிக்கும்?

ஒரு மணி, இரண்டு மணி நேர வித்தியாசத்தைப் பெரும்பாலோர் உணர்வதில்லை; மூன்று மணியைத் தாண்டினால் தெரியத் தொடங்கும். கிழக்கு நோக்கிச் சென்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், மேற்கு நோக்கிச் சென்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என்ற வேகத்தில் உடல் கடிகாரம் நகரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் கிழக்கே சென்றவருக்கு முழுமையாகப் பழக ஆறு நாட்கள் ஆகலாம், அதே தொலைவு மேற்கே சென்றவருக்கு நான்கு நாட்கள் போதும். இது சராசரிதான், ஒரே குடும்பத்தில் ஒருவர் மூன்றாம் நாளே தெளிந்துவிடுவதும் மற்றவர் ஒரு வாரம் திண்டாடுவதும் சாதாரணம்.

கிழக்கே செல்வது ஏன் கூடுதல் சிரமமாக இருக்கிறது?

மனித உடல் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். 1999இல் வெளியான கவனமான ஆய்வக அளவீடு ஒன்றில் அதன் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று கண்டறியப்பட்டது. எனவே நாளை நீட்டிக்கொள்வது, அதாவது வழக்கத்தைவிடத் தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழுவது, உடலின் போக்கோடு ஒத்துப்போகிறது. மேற்கே செல்லும்போது நாள் நீள்கிறது. கிழக்கே செல்லும்போது சுருங்குகிறது. உறக்கமே வராத நேரத்தில் படுத்து, உறக்கம் கலையாத நேரத்தில் எழ வேண்டிய நிலை கிழக்கே செல்பவருக்கு வருகிறது. இரவில் வெகுநேரம் விழித்திருக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது இன்னும் கடினம். கருக்கலில் எழும் பழக்கமுள்ளவர்களுக்குக் கிழக்குப் பயணம் ஓரளவு இலகுவாகவும் மேற்குப் பயணம் சற்றுக் கடினமாகவும் இருக்கும்.

வெளிச்சத்தை எப்போது நாட வேண்டும், எப்போது தவிர்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாம் உறங்கும்போது உடல் வெப்பம் படிப்படியாகக் குறைந்து, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு முன் மிகத் தாழ்ந்த நிலையைத் தொடும். தினமும் காலை 7 மணிக்கு எழுபவருக்கு அது ஏறக்குறைய 4 அல்லது 5 மணிக்கு நிகழும். அந்தத் தாழ்நிலைக்கு முந்தைய சில மணி நேரத்தில் பிரகாசமான வெளிச்சம் கண்ணில் பட்டால், இன்னும் இரவு ஆகவில்லை என்று எடுத்துக்கொண்டு உடல் கடிகாரம் பின்னோக்கி நகரும். மறுநாள் தூக்கமும் விழிப்பும் தாமதமாகும். தாழ்நிலைக்குப் பிந்தைய சில மணி நேரத்தில் வெளிச்சம் பட்டால், விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு முன்னோக்கி நகரும். மறுநாள் தூக்கம் சீக்கிரம் வரும். கிழக்கே செல்பவருக்குத் தேவைப்படுவது முன்னோக்கிய நகர்வு, மேற்கே செல்பவருக்குத் தேவைப்படுவது பின்னோக்கிய நகர்வு. ஆகவே வெளிச்சம் எப்போதுமே நல்லது என்று எண்ணுவது பாதி உண்மைதான். தவறான நேரத்தில் பட்ட வெளிச்சம் உங்களை எதிர்த்திசையில் தள்ளிவிடும்.

நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நேர வித்தியாசம் 6 மணி. ஊரில் 7 மணிக்கு எழுபவர் என்றால் அவருடைய தாழ்நிலை நியூயார்க் நேரப்படி காலை 4:30 அளவில், அதாவது பாரிஸ் நேரப்படி முற்பகல் 10:30 அளவில் இருக்கும். இரவு விமானத்தில் வந்து காலை 8 மணிக்கு இறங்கி, ‘வெயிலில் நடந்தால் ஜெட் லேக் போய்விடும்’ என்று நம்பி உடனே ஆற்றங்கரைக்கு நடக்கக் கிளம்பினால், அவர் பெறும் வெளிச்சம் முழுவதும் தாழ்நிலைக்கு முன்பாகவே வந்து கடிகாரத்தைப் பின்னோக்கித் தள்ளும். அவர் செய்ய வேண்டியது வேறு: விமானத்திலிருந்து இறங்கும்போதே கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, விடுதிக்குச் சென்று குளித்து, திரை போட்ட அறையிலோ உள்ளரங்கிலோ 10:30 மணிவரை இருந்துவிட்டு, அதன் பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிற்பகல்வரை திறந்தவெளியில் இருக்க வேண்டும். அடுத்த நாள் அந்த எல்லை ஏறக்குறைய 9:30க்கும் அதற்கு அடுத்த நாள் 8:30க்கும் முன்னேறிவிடும். நான்காம் நாளிலிருந்து காலை வெயிலை அஞ்ச வேண்டியதில்லை.

மேற்கே செல்பவரின் கணக்கு எளிது. லண்டனிலிருந்து நியூயார்க் செல்பவருக்குத் தாழ்நிலை உள்ளூர் நேரப்படி இரவு 11:30க்கு வரும். மாலையில் வெளிச்சம் இருக்கும்வரை வெளியே இருப்பதும், இருட்டிய பிறகு விளக்குகள் நிறைந்த இடத்தில் படுக்கும் நேரம்வரை விழித்திருப்பதும் போதும்.

அப்படியானால் கிழக்கே பத்து, பதினொரு மணி நேர வித்தியாசத்தில் சென்றால்?

எட்டு மணி நேரத்தைத் தாண்டிய கிழக்குப் பயணத்தை, கடிகாரத்தைப் பொறுத்தவரை மேற்குப் பயணமாகக் கருதுவது பலருக்கும் பலன் தரும். டிசம்பரில் லண்டனிலிருந்து சிட்னி செல்பவருக்கு நேர வித்தியாசம் 11 மணி. அவருடைய தாழ்நிலை சிட்னி நேரப்படி பிற்பகல் 3:30 அளவில் வரும். கடிகாரத்தை 11 மணி நேரம் முன்னே இழுப்பதற்குப் பதிலாக 13 மணி நேரம் பின்னே தள்ளுவது தூரத்தில் அதிகம் என்றாலும், பின்னோக்கிய நகர்வு வேகமானது என்பதால் நாட்கணக்கில் குறைவாகவே வரும். அவர் முற்பகலிலும் நண்பகலிலும் தாராளமாக வெயிலில் இருக்கலாம். 3:30க்குப் பிறகு முதல் ஓரிரு நாட்கள் நிழலிலோ கறுப்புக் கண்ணாடியோடோ இருக்க வேண்டும். அந்த எல்லை நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போய், விரைவிலேயே இருட்டிய பிறகான நேரத்துக்குள் நுழைந்துவிடும்.

எந்தத் திசையில் நகர்த்துவது என்று தீர்மானித்துவிட்டு அதிலேயே நிற்பது முக்கியம். ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே என்று இழுத்தால் கடிகாரம் நடுவழியில் நின்றுவிடும்.

விடுதி அறையின் விளக்கு வெளிச்சம் போதாதா?

போதாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; அறை விளக்குகள் பொதுவாக 100 முதல் 500 லக்ஸ் வெளிச்சம்தான் தரும். மேகமூட்டமான பகலில்கூடத் திறந்தவெளியில் அது பல ஆயிரம் லக்ஸைத் தொடும். வானம் மூடிக்கிடக்கிறதே என்று உள்ளேயே இருந்துவிடாதீர்கள்.

அதே சமயம், இரவில் அறை விளக்கும் கைபேசித் திரையும் கெடுதல் செய்யப் போதுமானவை. நேரத்தை அறிவதற்கென்றே விழித்திரையில் தனி வகை அணுக்கள் உள்ளன; காட்சியைக் காண்பது அவற்றின் முதன்மை வேலையன்று. நீல நிற ஒளிக்கு அவை மிகவும் கூர்மையாக எதிர்வினை புரியும். அதனால் படுக்கும் முன் மங்கலான, மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் இருப்பது நல்லது.

புறப்படுவதற்கு முன்பே உடலைப் பழக்கிக்கொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். கிழக்கே செல்வதாக இருந்தால், புறப்படுவதற்கு மூன்று நாட்கள் முன்பிருந்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்து, ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, எழுந்த உடனே நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மேற்கே என்றால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். எழும் நேரத்தை மாற்றிவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பெரிய பலன் இருக்காது. 1931இல் ஹெரால்ட் கேட்டியுடன் சேர்ந்து எட்டே முக்கால் நாளுக்குள் உலகைச் சுற்றிப் பறந்த விமானி வைலி போஸ்ட்கூடப் பயணத்துக்கு முன்பே தன் தூக்க நேரங்களை மாற்றி மாற்றிப் பழகியவர்தான்.

ஆனால் மூட்டை கட்டுவதும், விட்டுச்செல்லும் வேலைகளை முடிப்பதுமாக இருக்கும் கடைசி நாட்களில் இது எத்தனை பேருக்கு நடைமுறையில் சாத்தியம் என்பது வேறு கேள்வி. இதைச் செய்ய முடியாவிட்டால் பரவாயில்லை, புறப்படும் முந்தைய இரவாவது முழுத் தூக்கம் தூங்குங்கள். ‘விமானத்தில் தூங்கிக்கொள்ளலாம்’ என்று அந்த இரவை விழித்தே கழிப்பது மிகப் பரவலான, மிக மோசமான யோசனை.

விமானத்தில் தூங்கலாமா, விழித்திருக்கலாமா?

சென்று சேரும் ஊரில் அப்போது இரவு என்றால் தூங்க முயலுங்கள். பகல் என்றால் பெரும்பாலும் விழித்திருங்கள். ஏறி உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவைத்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம். கண்மூடியும் காதடைப்பானும் பெரிய உதவி. இடைவார் போர்வைக்கு மேலே தெரியும்படி இருந்தால் அதைச் சரிபார்ப்பதற்காக யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். உணவு வரும் நேரத்தில் கண் அசந்திருந்தால் உணவை விட்டுவிடுவதே மேல்.

தண்ணீர் நிறையக் குடித்தால் ஜெட் லேக் வராது என்கிறார்களே?

தண்ணீர் உடல் கடிகாரத்தை நகர்த்தாது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். காற்றழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்கு ஒப்பானது. அதனால் வரும் தொண்டை வறட்சிக்கும் தலைவலிக்கும் தண்ணீர் நல்லது. களைப்பு குறைந்தால் ஜெட் லேக்கைத் தாங்கிக்கொள்வதும் எளிதாகிறது என்ற வரையில் அந்த அறிவுரை சரி.

மது வேறு வகை. அது விரைவாகத் தூங்கவைத்தாலும் இரவின் பிற்பகுதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். தூக்கம் ஏற்கெனவே உடைந்துகிடக்கும் முதல் ஓரிரு நாட்களில் அதைத் தவிர்ப்பது நல்லது. காபி, தேநீர் பயனுள்ளவைதான், ஆனால் குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் வைத்து, உள்ளூர் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சென்று இறங்கிய அன்று பகலில் தூங்கலாமா?

இருபது, முப்பது நிமிடக் கோழித்தூக்கம் தாராளமாகப் போடலாம். அலாரம் வைக்காமல் படுக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேரிட்டு, எழுந்த பிறகும் வெகுநேரம் தலை தெளியாது. இரவுத் தூக்கமும் கெடும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் தூக்க அழுத்தம் சேர்ந்துகொண்டே போகும். முதல் இரவில் உங்களைத் தூங்கவைக்கப்போவது அந்த அழுத்தம்தான், கடிகாரம் அன்று துணைக்கு வராது. நெடுநேரப் பகல் தூக்கம் அந்த அழுத்தத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது.

இறங்கிய அன்று வாடகை வண்டியைத் தானே ஓட்டிச்செல்லும் திட்டம் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். உடலுக்கு நள்ளிரவாக இருக்கும் நேரத்தில், பழக்கமில்லாத சாலையில், சில நொடிகள் தன்னையறியாமல் கண் மூடினாலே விபத்து நேர்ந்துவிடும்.

நள்ளிரவு 3 மணிக்கு விழித்துக்கொண்டால் என்ன செய்வது?

எந்தத் திசையில் வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இதற்கான பதில்.

மேற்கே ஐந்து மணி நேரம் வந்தவருக்கு உள்ளூர் 3 மணி என்பது உடலுக்கு 8 மணி. தூக்கம் முடிந்தே விட்டது. அறையை இருட்டாகவே வைத்துக்கொண்டு, படுத்தபடியே ஓய்வெடுத்து, 5 மணிவரை விளக்கைப் போடாமல் இருக்க முயல வேண்டும். விடியும் முன்பே பளிச்சென்ற வெளிச்சத்தில் எழுந்து உலாவினால் கடிகாரம் பழைய ஊர் நேரத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

கிழக்கே ஆறு மணி நேரம் வந்தவருக்கு அதே 3 மணி என்பது உடலுக்கு இரவு 9 மணி. தூக்கம் இன்னும் தொடங்கவே இல்லை. அவர் பெரும்பாலும் நள்ளிரவில் ஓரிரு மணி நேரம் களைப்பால் கண்ணயர்ந்துவிட்டு விழித்திருப்பார். அப்போது கைபேசியை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தைத் தவறான திசையில் தள்ளும். நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் பதற்றத்தைக் கூட்டும் என்பதால், கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் ஏதாவது படிப்பது அல்லது குறைந்த ஒலியில் எதையாவது கேட்பது நல்லது. காலையில் எவ்வளவு அசதியாக இருந்தாலும் பத்து மணியைத் தாண்டித் தூங்காமல் இருந்தால் மறு இரவு சற்றுச் சீராகும்.

வயிறு ஏன் கெடுகிறது? சாப்பாட்டு நேரத்தை எப்படி மாற்றுவது?

குடலுக்கும் கல்லீரலுக்கும் உள்ள கடிகாரங்கள் உணவு நேரத்தைப் பெரிதும் பின்பற்றுகின்றன, தலைமைக் கடிகாரத்தைப் போல வெளிச்சத்தை நேரடியாக உணர்வதில்லை. இரவு 2 மணி என்று குடல் நினைத்துக்கொண்டிருக்கும்போது முழு விருந்தைக் கொடுத்தால் செரிக்காமை, உப்புசம், மலச்சிக்கல் எல்லாம் வரும். முதல் நாளிலிருந்தே உள்ளூர் வேளைகளில் சாப்பிடுங்கள், ஆனால் உங்கள் உடலுக்கு நள்ளிரவாக அமையும் வேளையில் மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன் பல நாட்கள் விரதமும் விருந்துமாக மாற்றி மாற்றிச் சாப்பிடும் முறைகள் பேசப்படுகின்றன. அவற்றுக்கு ஆகும் சிரமத்தோடு ஒப்பிட்டால் ஆதாரம் மெலிவானது.

மெலடோனின் பயன் தருமா?

தரும், இது குறித்த சான்று ஓரளவு உறுதியானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட மதிப்பாய்வு 10 ஆய்வுகளை அலசி, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடந்தவர்கள் சென்ற ஊரின் படுக்கை நேரத்தை ஒட்டி மெலடோனின் எடுத்துக்கொண்டபோது ஜெட் லேக் குறைந்ததாக அவற்றில் 9 காட்டுவதைச் சுட்டியது. 0.5 மில்லிகிராம் முதல் 5 மில்லிகிராம் வரை ஏறக்குறைய ஒரே அளவு பலன்தான். 5 மில்லிகிராமில் தூக்கம் சற்று விரைவாக வரும். அதைத் தாண்டினால் கூடுதல் பலன் தெரியவில்லை.

இதிலும் நேரம்தான் முக்கியம். பகலில் எடுத்துக்கொண்டால் தூக்கக் கலக்கத்தைத் தந்து, பழகுவதையும் தாமதப்படுத்தும். கிழக்குப் பயணத்தில்தான் இது அதிகம் உதவும். அமெரிக்காவில் இது சத்துமாத்திரை போலக் கடையில் கிடைக்கும், பிரிட்டனில் மருத்துவரின் சீட்டு வேண்டும். எனவே செல்லும் நாட்டின் விதியைப் பார்த்துக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் அளவும் எப்போதும் நம்பத்தக்கதன்று: 2017இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, குறிப்பிட்ட அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களும் வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

வயாகரா ஜெட் லேக்கைக் குறைக்கும் என்ற செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. அந்த ஆய்வு வெள்ளெலிகளில் நடத்தப்பட்டது. 2007இல் அதற்கு நகைச்சுவைக்குப் பேர்போன இக் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களுக்கான பரிந்துரையாக அது மாறவில்லை.

தூக்க மாத்திரை?

விமானத்தில் வேண்டாம். அசையாமல் பல மணி நேரம் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். மதுவோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து. சென்ற ஊரில் ஓரிரு இரவுகளுக்கு மட்டும், மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அது தூக்கத்தைத் தரும், கடிகாரத்தை நகர்த்தாது.

மூன்று நாட்களுக்குத்தான் போகிறோம். அப்போதும் இதையெல்லாம் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. பழகி முடிப்பதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். முடிந்தவரை சொந்த ஊர் நேரத்திலேயே தூங்கி, சாப்பிட்டு, முக்கியமான நிகழ்ச்சிகளை உங்கள் உடல் விழித்திருக்கும் நேரங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைத் திட்டத்தை எப்படி வகுப்பது?

வாய்ப்பு இருந்தால் மாலையில் சென்று இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். இறங்கியதும் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். காலையில் இறங்கும் விமானம் என்றால் அறை உடனே கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது, ஏனெனில் பிற்பகல் 3 மணிவரை பெட்டிகளோடு வரவேற்பறையில் காத்திருப்பதுபோல முதல் நாளைக் கெடுப்பது வேறொன்றில்லை. வழியில் ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கிச் செல்வது, கடிகாரத்துக்குப் பாதி வழியிலேயே வேலை தொடங்கிவைக்கும்.

முன்பதிவு செய்த, பணம் திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சிகளை முதல் இரண்டு நாட்களில் வைக்காதீர்கள். கிழக்கே சென்றவர் முதல் நாட்களில் விடியற்காலை மலையேற்றத்துக்குப் பதிவு செய்வதும், மேற்கே சென்றவர் இரவுக் கச்சேரிக்குச் சீட்டு வாங்குவதும் பணத்தைக் கொடுத்துத் தூங்குவதற்குச் சமம். மாறாக, மேற்கே சென்றவர் கூட்டம் சேரும் முன் அதிகாலையிலேயே பார்க்க வேண்டிய இடங்களை முதல் நாட்களில் பார்த்துவிடலாம்.

சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்தால் ஒரு நாளே மாறுகிறதே, பாதிப்பு இன்னும் அதிகமா?

உடலுக்குத் தேதி தெரியாது. ஹொனலுலுவும் கிரிபாட்டி நாட்டின் கிரிடிமாத்தி தீவும் தேதியில் ஒரு நாள் வேறுபட்டாலும் கடிகாரத்தில் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால் ஜெட் லேக்குக்கு வேலையே இல்லை.

குழந்தைகளையும் முதியவர்களையும் எப்படிக் கவனிப்பது?

கைக்குழந்தைகளுக்குத் தூக்கம் நாள் முழுதும் சிதறியே இருப்பதால் அவர்களைவிடப் பெற்றோருக்குத்தான் சிரமம். சற்று வளர்ந்த குழந்தைகளுக்குப் பெரியவர்களுக்கான அதே வெளிச்ச விதிகள்தாம். இரவில் விழித்துக்கொண்டால் விளக்கைப் போட்டு விளையாடவிடாமல் இருட்டிலேயே கதை சொல்லலாம். மெலடோனினைக் குழந்தை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். முதியவர்களுக்குத் தூக்கம் இயல்பாகவே மெல்லியது என்பதால் பழகக் கூடுதல் நாட்கள் ஆகலாம். இரவில் பழக்கமில்லாத அறையில் எழுந்து நடக்கும்போது விழுந்துவிடாமல் இருக்க, கழிவறைப் பக்கம் ஒரு மங்கலான விளக்கை எரியவிடுங்கள்.

வழக்கமாக மருந்து எடுப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பயண நேரங்களைக் காட்டி அட்டவணை எழுதி வாங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு இது மிக முக்கியம்: கிழக்கே செல்லும்போது நாள் குறுகுவதால் இரண்டு ஊசிகள் நெருங்கிவந்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம், மேற்கே செல்லும்போது இடைவெளி நீண்டு சர்க்கரை ஏறலாம். கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்து போன்றவற்றைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எடுக்காமல், கடைசியாக எடுத்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எண்ணி எடுக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு மீண்டும் இதே தொல்லையா?

நீண்ட விடுமுறை என்றால் ஆமாம், இம்முறை எதிர்த்திசையில். சென்றபோது கிழக்கு என்றால் திரும்பும்போது மேற்கு என்பதால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். நான்கு நாட்களில் திரும்பிவிட்டவருக்கு உடல் பாதி வழியில்தான் இருந்திருக்கும் என்பதால் திரும்பப் பழகுவதும் பாதி நாட்களில் முடிந்துவிடும். கிழக்கு நோக்கித் திரும்புபவர்கள் ஞாயிறு இரவு இறங்கித் திங்கள் காலை வேலைக்குச் செல்லும்படி சீட்டு எடுக்காமல், இரண்டு நாட்களாவது இடைவெளி விடுவது நல்லது. இரண்டு வாரங்கள் கடந்த பிறகும் தூக்கம் சீராகவில்லை என்றால் அதற்குக் காரணம் ஜெட் லேக்காக இருக்காது, மருத்துவரைப் பாருங்கள்.